சுரங்கத்துப் பேய்க்கு மாமனார் ஜாடை

கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போய், ஏமாந்து, கோபத்தில் புகார் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, பத்து நாளில் வந்த பதிலைப் படித்ததும் 'சே, தப்பு நம்ம மேலதான் போலிருக்கு' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? அப்படியென்றால் நம் கதாநாயகருக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே கடிதப் போக்குவரத்து உண்டு.

இருபத்திரண்டு வருடமாக அவர்தான் அந்தப் பூங்காவின் புகார்ப் பிரிவு. பிரிவு என்றால் அவரும் ஒரு மேசையும். நீர்ச்சறுக்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு நேர் பின்னால் அறை. மோட்டார் ஓடும்போது மேசையிலுள்ள பேனா தானாக நகர்ந்து விளிம்புக்குப் போகும். அதை முழங்கையால் தடுத்துக்கொண்டே எழுதப் பழகியவர். சுவர் கோடையிலும் வியர்க்கும். இந்தச் சூழலில் அவர் படைத்தவற்றை இலக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. அது யாருடைய நஷ்டம் என்று வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

ராட்டினம் உச்சியில் நின்றுபோய் இருபது நிமிடம் தொங்கினோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நகரின் முழுத் தோற்றத்தையும் அவசரமின்றிக் காணும் வாய்ப்பு தங்களுக்கு அமைந்ததில் மகிழ்கிறோம்' என்று பதில் போனது. அலைக்குளத்தில் அலையே வரவில்லை என்றவருக்கு, 'அன்று கடலும் அமைதியாகவே இருந்ததாக அறிகிறோம்.' எல்லாக் கடிதமும் 'எனினும் வருந்துகிறோம்' என்று முடியும். அதனால் பூங்காவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "வருந்துகிறோம் சார் வந்துட்டாரா?" என்று கேட்டால், வாயிற்காவலர் சிரிக்காமல் கை காட்டுவார்.

வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. 'மேல இருக்கறவர்' என்பதோடு சரி.

வீடு மாமனாருடையது. கீழ்த்தளத்தில் மாமனார், மாடியில் இவரும் மனைவியும் மகளும். மாமனார் முப்பத்து நான்கு வருடம் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடங்குதான் அவரை விட்டதே தவிர, அவர் கண்காணிப்பை விடவில்லை. வாசலில் எத்தனை செருப்பு, கொடியில் எத்தனை துணி, படியில் ஏறியது எத்தனை கால் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். பேசுவதற்கு முன் இரண்டு முறை கனைப்பார். முதல் கனைப்பு எச்சரிக்கை, இரண்டாவது தீர்ப்பு. பிறகு மேல்கூரையை நோக்கி, "மேல யாரு நடக்கறது?" என்பார். மேலே இருப்பது மூன்றே பேர், அதில் நடப்பது யார் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பார். பத்தொன்பது வருடமாகக் கேட்கிறார்.

அவரைக் கேலி செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் குடும்பத்தில் ஓர் ஆதாரம் உண்டு. மூத்த மருமகன், அதாவது நம்மவரின் சகலை, ஒரு விருந்தில் நாலு பேர் முன்னால் அந்த இரட்டைக் கனைப்பைக் கனைத்துக் காட்டினார். அச்சு அசலாக இருந்ததாம். மறுவாரமே அவர் குடும்பம் மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பேட்டையில் இரண்டு அறைக்குள் குடியேறியது. அப்போது காலியான மாடியில்தான் நம்மவர் இருக்கிறார். ஆகவே தமக்குக் கனைப்பு வந்தால்கூடத் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுவார்.

நிலவரம் இப்படியிருக்க, பூங்காவுக்கு ஒரு ரோலர் கோஸ்டர் வந்து சேர்ந்தது. எங்கோ மூடிவிட்ட பூங்காவிலிருந்து, பெரிய பெரிய பெட்டிகளில், இரண்டாம் கையாக. மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"கதை வேணும். வியாழக்கிழமைக்குள்ள."

"என்ன கதை சார்?"

"இந்த ரோலர் கோஸ்டர் ஏன் இங்க இருக்குங்கற கதை. இப்பல்லாம் கதை இல்லாம யாரும் ஏறமாட்டாங்களாம். வரிசையில நிக்கறப்பவே பயம் வரணுமாம்."

"நீங்க வாங்கினதாலதானே சார் இருக்கு?"

"அதை எழுத முடியாது. நீங்கதான் எதுக்கும் ஒரு காரணம் சொல்வீங்களே, சொல்லுங்க."

காரணம் சொல்ல முதலில் குற்றப்பட்டியல் வேண்டும். அதை ஸ்பேனர் அக்கா கொடுத்தார். பூங்காவின் மெக்கானிக் அவர். எந்நேரமும் இடுப்பில் ஸ்பேனர். எந்த யந்திரத்தையும் அவன் இவன் என்றுதான் பேசுவார்.

"மூணு விஷயம்ணே. ஒண்ணு, இவன் பிங்க் கலரு. அங்க மிட்டாய் உலகமா இருந்தானாம். சூளையில சுட்ட பூச்சு, மேல என்ன அடிச்சாலும் மழைக்கு உரிஞ்சிடும். ரெண்டாவது, தூணுக்குத் தூண் முயல் இருக்கு. மொத்தம் பதினொண்ணு. தூணோட சேர்த்து வார்த்துட்டான் பாவி, கழட்ட முடியாது. மூணாவது, உச்சிக்குப் போனதும் நாப்பது செகண்டு நிப்பான். ஒரு சங்கிலி விட்டு இன்னொரு சங்கிலி பிடிக்கணும்."

"அது கோளாறு இல்லையா?"

"கோளாறு இல்லண்ணே. சுபாவம்."

பிங்க் தண்டவாளம், பதினொரு முயல், நாற்பது விநாடி. பார்த்தால் புகார்க் கடிதம் மாதிரியே இருந்தது. நம்மவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதன்கிழமை மதியத்துக்குள் கதை தயார். வரிசை நிற்கும் கூடத்தில் ஆளுயரப் பலகையில் இன்றும் இருக்கிறது:

'முன்னொரு காலத்தில் இவ்விடத்தில் இளஞ்சிவப்பு உப்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. அதன் கண்காணிப்பாளர் கொடியவர். நாள்தோறும் ஆட்களை எண்ணியே உள்ளே அனுப்புவார். எண்ணியே வெளியே விடுவார். வேலை நேரத்தில் துள்ளிக் குதித்த பதினொரு தொழிலாளர்களை அவர் முயல்களாகச் சபித்தார். ஒருநாள் தம் கவனக்குறைவால் உப்புச் சரிவில் புதைந்தார். எனினும் எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை. சுரங்க உச்சியில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்துவார். இருபத்துநான்கு பேர் ஏறிய வண்டியில் அவர் எண்ணுவது எப்போதும் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்தாவது ஆள் யார்?'

மேலாளர் படித்துவிட்டு, தம் நாற்காலியின் பின்புறம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பாஸாகிவிட்டது.

உச்சியில் ஒலிக்கக் குரல் வேண்டும் என்றார்கள். ஆள் தேடுவானேன், நீங்களே பேசிவிடுங்கள் என்று மைக்கை நீட்டினார் ஸ்பேனர் அக்கா. நம்மவர் மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்ததும் வந்தது அவர் குரல் இல்லை. பத்தொன்பது வருடமாகத் தரை வழியே காலுக்குள் ஏறி எங்கேயோ தங்கியிருந்த குரல். இரண்டு கனைப்பு. பிறகு: "மேல யாரு நடக்கறது? எத்தனை பேரு? இருபத்தஞ்சா? ஒருத்தர் கூடுதலா இருக்காரே!"

"அய்யோ அண்ணே," என்று ஸ்பேனர் அக்கா இரண்டடி பின்னால் போனார். "யாருண்ணே அது?"

"சும்மா, கற்பனை," என்றார்.

பொம்மை செய்பவர் முகம் கேட்டார். கண்ணும் மூக்கும் கற்பனையில் வராது, படம் இருந்தால் கொடுங்கள் என்றார். நம்மவர் கைப்பேசியைத் துழாவி, மகளின் பிறந்தநாள் படத்திலிருந்து ஓரத்தில் நின்றவரை மட்டும் வெட்டி அனுப்பினார். இதில் கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் தெரிந்த கண்காணிப்பாளர் ஒரே ஒருவர்தான். மற்றபடி, மாமனார் இந்தப் பூங்காவைக் 'குரங்குக் கூடம்' என்றுதான் குறிப்பிடுவார்; வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். மனிதர் வரமாட்டார், எனவே பிரச்சினை வராது என்று நம்மவர் கணக்குப் போட்டார். புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் போட்ட கணக்கா அது!

ரோலர் கோஸ்டர் பிய்த்துக்கொண்டு ஓடியது. வரிசை ஐஸ்கிரீம் கடையைத் தாண்டிக் கழிப்பறை வரைக்கும் நின்றது. நாற்பது விநாடி நிறுத்தத்தைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. நிறுத்தம் போதவில்லை என்று மூன்று வந்தன. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, அவர் மகள் தோழிகளோடு அதில் ஏறும்வரை. உச்சியில் எடுத்த வீடியோவை அவள் சாயங்காலம் மாடி அறையில் உட்கார்ந்து, சத்தத்தை முழுதாக வைத்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள்.

கீழே ஈஸிசேரில் படுத்திருந்த மாமனார், மாடியிலிருந்து தம்முடைய கனைப்பையே கேட்டார். ஒன்று. இரண்டு. அப்புறம் தம்முடைய குரல் தம்மையே கேட்டது: "மேல யாரு நடக்கறது?"

எட்டு வருடமாக முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாதவர், பதினேழு படியையும் எண்ணி ஏறி வந்து நின்றார்.

"யாரும்மா அது, என்னை மாதிரி பேசறது?"

மகள் பெருமையோடு, "அப்பாதான் தாத்தா! அங்க உங்க பொம்மைகூட இருக்கு. சூப்பரா இருக்கும்," என்றாள். குழந்தைகளிடம் ரகசியம் சொல்லக் கூடாது என்பார்கள். இங்கே ரகசியம் என்றே யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் வேலையிலிருந்து வந்து நின்ற மருமகனை மாமனார் பார்த்தார். மருமகன் முகம் போன போக்கை விவரிக்க எனக்கு மனமில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்தக் குரங்குக் கூடத்துக்குப் போறோம் மாப்பிள்ளை. பார்த்துட்டு வந்து, இந்த மாடியில யாரு இருக்கணும், யாரு இருக்கக் கூடாதுன்னு சொல்றேன்." இறங்கும்போதும் பதினேழையும் எண்ணினார்.

கதவைச் சாத்திவிட்டு மனைவி திரும்பினாள்.

"உலகத்துல பேய்க்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா உங்களுக்கு?"

"அவசரத்துல..."

"அக்கா வீட்டுக்காரர் ஒரு தடவை கனைச்சதுக்கே மூணு பஸ் மாறிட்டு இருக்காங்க. நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை கனைக்கிறீங்க?"

"மணிக்குப் பதினெட்டு வண்டி போகுது," என்று நம்மவர் நேர்மையாகப் பதில் சொன்னார். "ஒரு வண்டிக்கு ரெண்டு கனைப்பு."

அன்று இரவே மனைவி பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டினாள். தூசு முழுவதும் அவர் பக்கமாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், பாக்கெட்டில் பேனாவோடு வந்தார். கூடத்திலிருந்த பலகையை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "படிக்கத்தானே எழுதி வெச்சிருக்கு?" என்று திரும்பிக் கேட்டார், அடங்கிவிட்டார்கள். பொம்மையின் முன்னால் போய் நின்றார். அதே மூக்கு, அதே வலது கன்னத்து மரு, அதே 'என்ன, எத்தனை' என்ற பார்வை. வரிசையில் நின்ற பெண் ஒருத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் இடத்தைப் பின்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

பேத்தியோடு ஏறி உட்கார்ந்தார். நம்மவர் கீழேயே நின்றுகொண்டார், வண்டி உச்சிக்குப் போய் நின்றது, குரல் ஒலித்தது. "இருபத்தஞ்சா? ஒருத்தர் கூடுதலா இருக்காரே!"

உடனே உச்சியிலிருந்து இன்னொரு குரல், மைக் இல்லாமலேயே, பூங்கா முழுக்கக் கேட்டது. "எவன்யா எண்ணினது? இருபத்துநாலுதான் இருக்கு! நல்லா எண்ணு!"

வண்டி விழுந்தது.

இறங்கி வந்த மாமனாரின் தலைமுடி எல்லாத் திசையிலும் நின்றது. நேராகப் புகார் ஜன்னலுக்குப் போனார். தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம், முன்னதாகவே ஓடி வந்துவிட்ட மருமகன் முழங்கையால் பேனாவைத் தடுத்துக்கொண்டு காத்திருந்தார். வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் கொடுப்பார் என்பது மட்டும்தான் அப்போது அவர் மனத்தில் ஓடியது. தாள் உள்ளே வந்தது.

'ஐயா, தங்கள் கண்காணிப்பாளர் குறித்து. கண்காணிப்பாளர் பதவியில் உள்ளவர் கவனக்குறைவால் இறக்க மாட்டார்; பிறர் கவனக்குறைவால் இறந்தார் என்று திருத்தவும். சட்டைப் பையில் பேனா இல்லை. பதினொரு பேரை முயலாக மாற்றியது நியாயமே, ஆனால் முன்னறிவிப்பு கொடுத்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபத்துநான்கு பேரை இருபத்தைந்து என்று எண்ணுகிறவனை வாசல் பெருக்கக்கூட வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரத்தில் சரி செய்யவும்.'

நம்மவர் இரண்டு முறை படித்தார். காலி செய்வது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மாமா... அந்த முகம்..."

"என் மூக்கு எனக்குத் தெரியாதா? என்னைத்தான் செஞ்சு வெச்சிருக்கீங்க. பெரிய மாப்பிள்ளை செஞ்சது கேலி. இது உத்தியோகம். ஆனா என் மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒருத்தன் உத்தியோகத்தைத் தப்பா பாக்கறான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. முதல்ல இதைச் சரி பண்ணுங்க. வீட்டு விஷயம் அப்புறம்."

மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தைந்துதான் பயமே, இருபத்துநான்கு என்றால் யார் கத்துவார்கள் என்றார். நம்மவர் வழக்கமான முறையில் மாமனாருக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தார்: கண்காணிப்பாளர் தன்னையும் சேர்த்து எண்ணுகிறார் என்று. "எங்க வேலையில தன்னை எண்ணிக்கற வழக்கம் கிடையாது," என்றார் மாமனார். விளக்கம் எடுபடாமல் போனது நம்மவரின் பணிக்காலத்தில் அதுவே முதல் முறை.

புதன்கிழமை மாமனாரே மேலாளர் அறைக்குள் போனார். இரண்டு முறை கனைத்தார். மேலாளர் எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றோம் என்று பிற்பாடு வெகுநேரம் யோசித்தாராம்.

"வண்டி எப்பவும் நிறைஞ்சா போகுது? பத்தொன்பது பேர் போனாலும் இருபத்தஞ்சுங்கறான். எண்ணாம சொல்றது பொய். மைக்கை என்கிட்ட குடுங்க. ஒவ்வொரு வண்டியையும் நான் எண்ணி அனுப்பறேன். நாப்பது செகண்டுல இருபத்துநாலு தலையை எண்ண முடியாதா என்னால?"

உச்சியில் ஒரு கேமரா உண்டு. கீழே இயக்கும் அறையில் ஒரு திரை உண்டு. ஸ்பேனர் அக்கா ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இப்படியாக உலகத்திலேயே சம்மதத்தோடு பேயாக வேலைக்குச் சேர்ந்த முதல் மனிதர் என்ற இடத்தை மாமனார் பிடித்தார்.

"மூணாவது வரிசை, நீலச் சட்டை. வாயை மூடுங்க, பூச்சி போயிடும். கடைசி வரிசை அம்மா, கையை உள்ள வைங்க. மொத்தம் இருபத்திரண்டு. ரெண்டு இடம் காலி." ஒரு கனைப்பு. "ஏன் காலி? ஏறினவங்க எங்க?"

அந்தக் கேள்விக்கு வண்டியிலிருந்து எழுந்த அலறலை, பழைய இருபத்தைந்து ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வரிசை கழிப்பறையைத் தாண்டிவிட்டது. திட்டு வாங்கவென்றே ஆட்கள் இரண்டாம் முறை ஏறினார்கள். 'நேத்து என்னைத் தொப்பைன்னு சொன்னாரு' என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஆனால் வீட்டுத் தீர்ப்பு வரவில்லை. பெரிய பெட்டி கட்டிலுக்கு அருகிலேயே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. நம்மவர் குளிக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மறு ஞாயிற்றுக்கிழமை மாமனார் சொன்னார்: "இன்னிக்கு முதல் வண்டியில, முதல் வரிசையில, நீங்களும் என் பொண்ணும் உக்காருங்க."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் நம்மவர் அந்தப் பூங்காவின் எந்த விளையாட்டிலும் ஏறியதில்லை. புகார்கள் அனைத்தையும் படித்தவர் எப்படி ஏறுவார்? இருந்தும் ஏறினார். மனைவி அவர் கையைப் பிடித்தாள், அன்பினால் அல்ல, ஓடிவிடாமல் இருக்க.

வண்டி உச்சிக்குப் போய் நின்றது. கீழே முயல்கள் சின்னதாகத் தெரிந்தன. மாமனாரின் குரல் எண்ணிக்கொண்டு வந்தது. "இருபத்துரெண்டு, இருபத்துமூணு, இருபத்துநாலு. சரியா இருக்கு." இரண்டு கனைப்பு. "முதல் வரிசை, இடது பக்கம். மாப்பிள்ளை."

"மாமா," என்றார் நம்மவர், ஆகாயத்தைப் பார்த்து.

"வீட்டு விஷயம் யோசிச்சேன். நீங்க காலி பண்ண வேண்டாம்."

பின் வரிசைகளில் யாரோ கைதட்டினார்கள்.

"ஆனா ஒரு நிபந்தனை. இனிமே தினமும் நீங்க—"

இரண்டாவது சங்கிலி பிடித்துவிட்டது. மீதி வாக்கியத்தை மாமனார் ஒரு சொல்கூட விடாமல் பேசி முடித்தார் என்பது உறுதி. இருபத்துநாலு பேரும் அலறிக்கொண்டே விழுந்தார்கள் என்பதும் உறுதி. அதில் முதல் அலறல் யாருடையது என்று நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

இறங்கியதும் நம்மவர் தள்ளாடிக்கொண்டே இயக்கும் அறைக்குப் போனார்.

"மாமா, அந்த நிபந்தனை..."

"சொன்னேனே. மைக்குல சொன்னேனே மாப்பிள்ளை! ஊருக்கே கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கலையா? ஒரு தடவைதான் சொல்வேன். தள்ளுங்க, அடுத்த வண்டி வருது."

வெளியேறும் வழியில் நின்று இறங்கினவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். குப்பை சம்பந்தமாக என்றார் ஒருவர். பேப்பர் படித்துக் காட்டச் சொன்னார் என்றார் இன்னொருவர். "உங்களை முயலா மாத்திடுவேன்னாரு சார்," என்றான் ஒரு கல்லூரிப் பையன், மிகுந்த நம்பிக்கையோடு.

மனைவி தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"என்ன சொன்னாரு?"

"சொல்லமாட்டேன். தெரிஞ்சா அதை மட்டும்தான் செய்வீங்க. தெரியலைன்னா எல்லாத்தையும் செய்வீங்க."

பெட்டி பரணுக்குத் திரும்பியது. அன்று முதல் நம்மவர் காலையில் மாமனாருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறார், குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார், வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விடுகிறார். நேற்று மாமனாரின் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து வைத்தார். மாமனார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

"இதுவாத்தான் இருக்குமோ?" என்று மனைவியிடம் ஓடிவந்து கேட்டார்.

"இருக்கலாம்," என்றாள் மனைவி. "சமையலறைக் குழாய் ஒழுகுது, அதையும் பாத்துடுங்க. அதுவாவும் இருக்கலாம்."